தாயில்லாத குஞ்சுகளைப் பழைய கூட்டத்தில் சேர்ப்பது

சுங்கை சிப்புட்டில் ஒரு மூலை வீட்டுக்குக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டின் பக்கவாட்டு நிலத்தில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருக்கிறார். தீவனக்கடையில் பத்துக் குஞ்சுகள் வாங்கி, சமையலறை மூலையில் விளக்குப் பெட்டியில் ஐந்து வாரம் வளர்த்தார். இறகு முளைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஒரு சனிக்கிழமை மாலை பெரிய கோழிகளோடு திறந்துவிட்டார். பத்து நிமிடத்தில் ஒரு குஞ்சின் பிடரி கிழிந்தது. "தோட்டத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒன்றுகூட நடந்ததில்லை" என்று அவருடைய அம்மா சொல்கிறாராம். எத்தனை வாரத்தில் சேர்க்கலாம், இரவில் கூண்டுக்குள் வைத்துவிட்டால் காலையில் பழகிவிடும் என்கிறார்களே அது உண்மையா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் அந்தக் குஞ்சைப் பாருங்கள். காயத்தை ஆறிய உப்பு நீரால் கழுவி, போவிடோன் அயோடினை நீர்க்கக் கலந்து தடவுங்கள். தீவனக்கடையில் கால்நடைக் காயத்துக்கென்று ஊதா நிறத் தெளிப்பு விற்பார்கள், அதையும் அடிக்கலாம். மருந்தின் குணம் ஒரு பக்கம் இருக்க, அந்த நிறத்துக்கே ஒரு வேலை இருக்கிறது. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும். சிவப்பு மறைந்தால் உடன்பிறந்த குஞ்சுகளே அதைக் கொத்துவது குறையும். ஈ உட்காராத இடத்தில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் திறந்த காயத்தில் இரண்டே நாளில் புழு வைத்துவிடும். ஆனால் தனியாக வைக்காதீர்கள். சாதுவான இன்னொரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள். ஒரு வாரம் தனியாக இருந்த குஞ்சு திரும்பி வரும்போது தன் கூட்டத்துக்கே அது அந்நியமாகிவிடும், மறுபடியும் அடி வாங்கும்.

இப்போது உங்கள் அம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்தவன். பிறகு முப்பது ஆண்டுகள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்தவன். பால்மரக் (ரப்பர்) காட்டை அழித்துச் செம்பனை நட்ட காலத்தையும் பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்தில் குஞ்சைக் கூட்டத்தில் "சேர்ப்பது" என்ற பேச்சே கிடையாது. வீட்டு வாசலில் பழைய சாக்குப் போட்ட கூடையில் பெட்டை அடை கிடக்கும். இருபத்தோராம் நாள் பொரிக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ குஞ்சுகளை வாலாக நீட்டிக்கொண்டு அது பொதுவாசலுக்கு வந்துவிடும். மற்றக் கோழிகள் கிட்டே வந்தால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயும். நாயைத் துரத்திய பெட்டைகள் உண்டு. எங்கள் வீட்டுக் கறுப்புப் பெட்டை ஒன்று மேற்பார்வை பார்க்கும் தண்டலின் சைக்கிளையே மறித்திருக்கிறது.

நாங்கள் கவனிக்காமல் விட்டது என்னவென்றால், அந்தப் பெட்டை ஒரே சமயத்தில் பல வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. குளிருக்கு இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. எதைத் தின்பது என்று கொத்திக் காட்டியது. அந்த வாசலிலுள்ள கிருமிகளைக் குஞ்சுகள் முதல் வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்து எதிர்ப்புச் சக்தி பெற வழிசெய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றக் கோழிகள் அந்தக் குஞ்சுகளைத் தினமும் பார்க்கும்படியும், ஆனால் தொட முடியாதபடியும் ஆறேழு வாரம் நடத்திச் சென்றது. பிறகு ஒரு நாள் அதுவே குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அதற்குள் எந்தக் கோழி முரடு, எந்த வேலி இடுக்கில் நுழைந்தால் தப்பலாம் என்பதெல்லாம் குஞ்சுகளுக்குப் பாடமாகியிருக்கும்.

உங்கள் குஞ்சுகளுக்கு அந்தத் தாய் இல்லை. பொரிப்பு இயந்திரத்தில் பிறந்து, அட்டைப் பெட்டியில் கடைக்கு வந்து, உங்கள் சமையலறையில் வளர்ந்தவை. வெப்பத்துக்கு விளக்குப் போட்டீர்கள். தீவனமும் வைத்தீர்கள். மிச்சமுள்ள வேலைகளை யாரும் செய்யவில்லை. நான் இனிச் சொல்லப்போவது அத்தனையும் அந்தப் பெட்டை செய்த வேலைகளைக் கம்பி வலையும் பலகையும் கொண்டு செய்யும் வழிதான்.

கோழிகள் ஏன் கொத்துகின்றன என்பது தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும். நார்வேயைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எபே என்பவர் சிறு வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளை உட்கார்ந்து கவனித்து, யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று குறித்துவைத்தவர். கூட்டத்தில் ஒவ்வொரு கோழிக்கும் ஒரு படி இருக்கிறது, மேல்படியில் இருப்பது கீழ்ப்படியில் இருப்பதைக் கொத்தும், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது என்று 1920களின் தொடக்கத்தில் எழுதினார். இந்தப் படிவரிசை ஒருமுறை அமைந்துவிட்டால் கூட்டத்தில் சண்டை குறைந்துவிடும். ஒரு முறைப்பே போதும். சிறிய கூட்டத்தில் ஒவ்வொரு கோழியும் மற்றதை முகத்தையும் கொண்டையையும் வைத்து அடையாளம் தெரிந்து வைத்திருக்கும். இதற்கு நடுவே முன்பின் தெரியாத பத்து உருவங்கள் திடீரென்று தீவனத் தட்டருகே வந்து நின்றால், வரிசையை முதலிலிருந்து பேசித் தீர்க்க வேண்டியதாகிறது. கோழிகள் பேசுவது அலகால். ஆகவே கொத்தே விழாமல் சேர்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொத்து விழும். குஞ்சு அதை வாங்கிக்கொண்டு ஓட இடம் இருக்கிறதா என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும்.

எத்தனை வாரம் என்று கேட்டீர்கள். ஐந்து வாரம் போதாது. ஐந்து, ஆறு வாரத்தில் இறகு முழுதாக முளைத்து விளக்கு தேவைப்படாமல் போகும், அவ்வளவுதான். எடையில் அது இன்னும் பெரிய கோழியின் கால்வாசிக்குச் சற்று மேலே இருக்கும். தாய் இல்லாத குஞ்சு என்றால் எட்டு வாரத்துக்கு முன் கலக்காதீர்கள். பத்து, பன்னிரண்டு வாரம் ஆனாலும் நட்டமில்லை. வாரத்தைவிட உருவத்தைப் பார்ப்பது நல்லது. உங்கள் கூட்டத்திலுள்ள மிகச் சிறிய பெட்டையின் மூன்றில் இரண்டு பங்கு உருவமாவது வந்திருக்க வேண்டும். கடையில் "கம்பத்துக் கோழிக் குஞ்சு", அதாவது கிராமத்து நாட்டுக்கோழிக் குஞ்சு, என்று விற்பவற்றில் பெரும்பாலானவை விரைவில் வளரும் கலப்பினம்; அவை பத்து வாரத்தில் நன்றாகவே தேறிவிடும். அசல் கம்பத்துக் குஞ்சு மெதுவாகத்தான் எழும். பத்தில் ஒன்றிரண்டு கிளந்தானின் செராமா வகையாக இருந்தால் அவற்றுக்குத் தனிக் கூண்டுதான். முழு வளர்ச்சி அடைந்த செராமாவே அரைக் கிலோ எடைக்குள் நிற்கும். அதை முட்டைக் கோழிகளோடு விடுவது அதற்குச் செய்யும் கொடுமை.

பத்தையும் ஒன்றாகவே சேர்ப்பீர்கள் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஒற்றைக் குஞ்சை ஒருபோதும் பழைய கூட்டத்தில் விடக் கூடாது. அடி முழுவதும் அந்த ஒன்றின் தலையிலேயே விழும். குறைந்தது இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி, வேலிக்கு வருகிறேன். புதிதாக வாங்கியவற்றை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும் என்பது பொதுவிதி. நீங்கள் ஐந்து வாரம் வீட்டுக்குள் வைத்திருந்ததில் அது தானாகவே நடந்துவிட்டது. இப்போது பயம் எதிர்ப்பக்கத்திலிருந்து. பெரிய கோழிகள் வெளியே நலமாகத் தெரிந்தபடியே சில கிருமிகளைச் சுமந்துகொண்டிருக்கும். சமையலறையில் வளர்ந்த குஞ்சுக்கு அந்த மண்ணின் அறிமுகமே கிடையாது. முதலில் வருவது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். குஞ்சு இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு குன்றி நிற்கும், எச்சத்தில் இரத்தம் தெரியும். காக்சிடியா என்னும் நுண்ணுயிர் குடலில் பெருகி எச்சத்தோடு வெளியேறும், ஈரமான தரையில்தான் அது முதிர்ந்து அடுத்த குஞ்சுக்குத் தொற்றும். பிற்பகல் மழை நாள் தவறாமல் கொட்டும் நம் பக்கத்தில் அதற்குக் கொண்டாட்டம். கண்டவுடன் ஆம்ப்ரோலியம் மருந்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் குடிநீரில் கலந்து கொடுங்கள். உமியையும் மரத்தூளையும் காய்ந்த நிலையில் வையுங்கள். மருந்தைவிட அதுதான் பெரிய காவல்.

மலாய்க்காரர்கள் "சம்பார் ஆயாம்" என்பார்கள், ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். இரண்டும் நியூகாசல் நோய்தான். வந்தால் கூட்டத்தையே துடைத்துவிடும். தடுப்பு மருந்து மட்டுமே வழி. இதில் மலேசியாவுக்கு ஒரு பெருமை உண்டு. சாதாரணத் தடுப்பு மருந்துக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். கம்பத்துக்குக் கொண்டு போவதற்குள் வீணாகிவிடும். 1980களில் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வி4 என்ற கிருமி வகையிலிருந்து வெப்பம் தாங்கும் மருந்தை உருவாக்கி, அதைத் தீவனத்தில் பூசியே கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது உங்களுக்கு எந்த மருந்து எளிதில் கிடைக்கும் என்பதை மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேளுங்கள். குஞ்சுகளுக்குப் போடும் அன்றே பெரியவற்றுக்கும் போட்டுவிடுங்கள். கலப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். நரம்பைத் தாக்கிக் காலை முடக்கும் மாரெக் நோய்க்கான தடுப்பூசி பொரித்த அன்றே போடுவது. அடுத்த முறை வாங்கும்போது "போட்டாகிவிட்டதா" என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கொசு கடித்துப் பரவும் அம்மைக்கு இறக்கைச் சவ்வில் குத்தும் மருந்து இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய சாக்கடை ஓடுமானால் அதையும் போட்டுவிடுவது நல்லது.

இனி வேலி. பெரிய கோழிகள் உலவும் இடத்திலேயே ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுத்து, குஞ்சுகளைப் பகல் முழுவதும் அதற்குள் விடுங்கள். வேறு எங்கோ ஒரு கூண்டில் வைத்தால் பயனில்லை. பெரியவை அவற்றைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும் என்கிற மாதிரி நடு இடத்தில் இருக்க வேண்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பெரிய கண் வலையில் குஞ்சு தலையை நீட்டும், அந்தத் தலை திரும்பி வராது. ஒரு வாரம் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு வாரத்துக்குக் குறைத்ததில்லை. முதல் இரண்டு மூன்று நாள் பெரியவை வலையோரம் வந்து நின்று மார்பை நிமிர்த்தும், வலையைக் கொத்தும். நான்காம் நாள் சலித்துப்போகும். பத்தாம் நாள் வலையோரம் குஞ்சுகள் படுத்திருக்க, மறுபுறம் பெட்டைகள் மண் குளித்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். விரைவுபடுத்த ஒரு வழி உண்டு. மாலைத் தீவனத்தை வலையின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தூவுங்கள். எதிரும் புதிருமாக நின்று தின்று பழகியவை பிறகு அடித்துக்கொள்வது குறைவு.

மூலையைத் தடுக்கும்போது நிழலை மறந்துவிடாதீர்கள். நண்பகலில் துத்தநாகத் தகட்டின் கீழ் காற்று அடைபட்டுக் கொதிக்கும். வாயைப் பிளந்து இரைக்கும் குஞ்சுக்கு அந்நியர் பயம் வேறு சேர்ந்தால் தாங்காது. தகட்டின் மேல் நாலு செம்பனை மட்டை போட்டுவிடுங்கள், போதும்.

அடுத்ததை நான் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைச் செய்வதில்லை. இரண்டு வாரம் கழிந்ததும் வலையை எடுத்துவிடுகிறார்கள், அன்றைக்கே இரத்தம் பார்க்கிறார்கள். வலையை எடுக்காதீர்கள். அதன் அடியில் குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு வாசல் வெட்டுங்கள். எட்டு வாரக் குஞ்சுக்குப் பத்து சென்டிமீட்டர் அகலமும் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமும் போதும். பெட்டை உடலைத் தட்டையாக்கிக்கொண்டு நுழையப் பார்க்கும்; நுழைந்தால் ஒரு பலகையை ஆணியடித்து இன்னும் குறுக்குங்கள். வாசல் ஒன்று போதாது, இரண்டு மூன்று வேண்டும். ஒரே வாசல் என்றால் முரட்டுப் பெட்டை அங்கே போய்க் காவல் நின்றுவிடும். வலைக்குள்ளே குஞ்சின் தீவனமும் தண்ணீரும் இருக்கட்டும். இப்போது குஞ்சுகள் தம் விருப்பம்போல் வெளியே வந்து பார்க்கும், ஒரு கொத்து வாங்கும், கத்திக்கொண்டு உள்ளே ஓடும், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் எட்டிப் பார்க்கும். ஒரு நாளைக்கு இருபது முறை இது நடக்கும். தாய்க்கோழியின் இறக்கை செய்த வேலையை அந்தப் பத்து சென்டிமீட்டர் ஓட்டை செய்கிறது. நாம் பக்கத்தில் கம்போடு நிற்க வேண்டியதே இல்லை.

வலைக்கு வெளியேயும் ஒதுங்க இடங்கள் வேண்டும். செங்கல் வைத்து அதன்மேல் தட்டுப்பலகை, கவிழ்த்த பழக்கூடையில் இரண்டு பக்கம் வெட்டிய வாசல், சுவரில் சாய்த்துவைத்த தகடு, இவை போதும். எதற்கும் இரண்டு வழி இருக்க வேண்டும், நுழைய ஒன்று, வெளியேற ஒன்று. ஒரு வழி மட்டுமுள்ள மறைவிடம் கண்ணிதான். இதை நான் கற்றுக்கொண்ட விதம் இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது, அந்தப்பக்கம் அடைப்பு. குஞ்சுகளைத் திறந்துவிட்டுக் கோலகங்சாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தச் சந்தின் கடைசியில் மூன்று குஞ்சுகள் தலையைச் சுவரில் ஒட்டியபடி செத்துக் கிடந்தன. பெட்டைகள்மேல் பழிபோட்டு என்ன பயன்? சந்தை அடைக்காமல் போனது நான். நீங்கள் திறந்துவிடும் முன் ஒருமுறை குனிந்து, குஞ்சின் உயரத்திலிருந்து இடத்தைச் சுற்றிப் பாருங்கள். மறுபக்கம் அடைபட்ட சந்துகள் எத்தனை என்பது அப்போதுதான் தெரியும்.

தீவனத் தட்டும் தண்ணீர்த் தட்டும் மூன்று இடங்களிலாவது இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று பார்வையில் படாமல். ஒரு பெட்டை ஒரு தட்டைத்தான் காக்க முடியும்.

கலக்கும் முதல் நாளைக் கூண்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கூண்டு பெரியவற்றின் வீடு, அங்கே அவற்றுக்கு உரிமை அதிகம். வெளி நிலத்தில், மாலை ஐந்து மணிவாக்கில், நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து விடுங்கள். அன்று காலையிலேயே பலகைகளையும் கூடைகளையும் இடம் மாற்றி வைத்தால் பெரியவற்றுக்கும் இடம் புதிதாகிவிடும். அவை அதை ஆராய்வதில் கொஞ்ச நேரம் போகும். ஒரு பப்பாளியை வெட்டி அங்கங்கே போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, இருட்டும் முன், குஞ்சுகளை அவற்றின் இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள். ஒரு வாரம் இப்படி நடக்கட்டும்.

எப்போது தலையிடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். தலையில் ஒரு கொத்து, நாலடி துரத்தல், குஞ்சு கத்திக்கொண்டு ஓடுவது, இதையெல்லாம் கண்டுகொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் காப்பாற்றினால் வரிசை அமைவது நாள்கணக்கில் தள்ளிப்போகும். ஒரு கோழி குஞ்சின்மேல் ஏறி நின்று விடாமல் கொத்தினாலோ, இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை வளைத்தாலோ, குஞ்சு மூலையில் தலையைப் புதைத்துக்கொண்டு அசையாமல் நின்றாலோ, இரத்தம் தெரிந்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரே பெட்டைதான் எல்லா அக்கிரமத்துக்கும் காரணமாக இருக்கும், அதுவும் அநேகமாக வரிசையில் கடைசியில் இருப்பதாக இருக்கும். இத்தனை நாள் வாங்கிக்கட்டிய அதற்கு இப்போதுதான் கொத்த ஆள் கிடைத்திருக்கிறது. அதைப் பிடித்து மூன்று நான்கு நாள் கண்ணில் படாத இடத்தில் அடைத்துவையுங்கள். குஞ்சை எடுத்து ஒளித்துவைப்பதுதான் நம் இயல்பு; அது தவறு. அந்தப் பெட்டை திரும்பி வரும்போது அதுதான் புதுசு, குஞ்சுகள் பழையவை.

இரவில் கூண்டுக்குள் வைத்தால் காலையில் பழகிவிடும் என்பது பாதி உண்மை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. இரவில் சண்டை நடக்காது. ஆனால் எழுந்தவுடன் அவை ஏமாந்துபோய் "சரி, இவர்களும் நம்மவர்கள்தான்" என்று நினைக்கும் என்பது நம் கற்பனை. இங்கே ஏழு மணி வாக்கில் விடியும். நீங்கள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, பூட்டிய கூண்டுக்குள், ஓட இடமில்லாமல், பசியோடு எழுந்த ஆறு பெட்டைகள் நடுவே குஞ்சுகள் நிற்கும். உயிர் போவது அந்த அரை மணி நேரத்தில்தான். ஆகவே இரவு முறையைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். பகலில் இரண்டு வாரம் கலந்து உலவிய பிறகு கடைசிப் படியாக வையுங்கள். முதல் வாரம் விடியும் முன்னரே நீங்கள் எழுந்து கதவைத் திறக்க வேண்டியிருக்கும். பெரியவை உறங்கும் கட்டைக்குக் கீழே, ஓரடி உயரத்தில் குஞ்சுகளுக்கு இன்னொரு கட்டை கட்டுங்கள். கட்டையில் ஏறத் தெரியாதவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு படுக்கும். அடியில் கிடப்பது மூச்சுத் திணறிச் சாகலாம். இருட்டிய பிறகு கையால் எடுத்துக் கட்டையில் வைத்துப் பழக்குங்கள். நாலைந்து இரவில் தானாகவே ஏறும்.

தீவனத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் கால்சியம் நூற்றுக்கு மூன்றரை, நான்கு என்ற அளவில் இருக்கும். குஞ்சுக்குத் தேவை சுமார் ஒன்று. கூடுதல் சுண்ணம் நாள்பட்டால் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கலந்து உலவும் கூட்டத்தில் யார் எந்தத் தட்டில் தின்பது என்று காவல் காக்க முடியாது. ஆகவே எல்லோருக்கும் வளர்கோழித் தீவனத்தையே கொடுத்துவிட்டு, பெட்டைகளுக்குச் சிப்பி ஓட்டை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் பெட்டை தானே போய்த் தின்னும், குஞ்சு அதைச் சீந்தாது. (நம் ஊர்ப் பெயரிலேயே "சிப்புட்" இருக்கிறது, மலாயில் நத்தை என்று பொருள், ஆனால் ஆற்றங்கரையில் பொறுக்கப் போகாதீர்கள், கடையில் கிடைக்கிறது. முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கினாலும் சரி.) குஞ்சுத் தீவனத்தில் மருந்து கலந்திருக்கிறதா என்று மூட்டையைப் படித்துப் பாருங்கள். பெட்டைகள் அதைத் தின்றால், மூட்டையில் சொல்லும் நாள் கழியும்வரை அந்த முட்டைகளைச் சாப்பிடாதீர்கள். அம்மா வைக்கும் பழைய சோறும் தேங்காய்த் துருவலும் ஒரு கைப்பிடியோடு நிற்கட்டும். தோட்டத்துக் கோழிக்குப் புழு பூச்சியெல்லாம் இருந்தது, உங்கள் நிலத்தில் அவ்வளவு இல்லை.

சேவலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நல்ல சேவல் குஞ்சுகளைக் கண்டுகொள்ளாது. சில சேவல்கள் பெட்டைகளின் சண்டையில் குறுக்கே நின்று தடுக்கவும் செய்யும். தொல்லை பிற்பாடு வரும். ஆண் பெண் பிரிக்காமல் விற்ற பத்துக் குஞ்சில் சரிபாதி சேவலாக இருக்க வாய்ப்புண்டு. நாலு மாதம் தாண்டியதும் அவை கூவக் கற்றுக்கொள்ளும், பழைய சேவலோடு மோதும், பெட்டைகளைப் பாடாய்ப்படுத்தும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வரிசை வீடுகளுக்கு நடுவே ஐந்து சேவல்கள் அதிகாலை நான்கு மணிக்குக் கூவினால் அண்டை வீட்டார் நகராண்மைக் கழகத்துக்குத்தான் போவார்கள். தீபாவளி எப்போது வருகிறது என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பனைத் தோட்டம் பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றும் இருக்கிறது. குஞ்சு வந்ததும் வேட்டைக்காரர்களும் வருவார்கள். பகலில் காக்கையும், பியாவாக் என்று நாம் சொல்லும் பெரிய உடும்பும். இரவில் மூசாங் என்னும் மரநாயும் மலைப்பாம்பும். எலியைத் தேடித் தோட்டத்துக்குள் வரும் பாம்புக்கு உங்கள் கூண்டு அடுத்த வீடு. குஞ்சு மூலைக்கு மேலேயும் வலை போடுங்கள். கீழே வலையை ஓரடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதையுங்கள். நான் வைத்த குஞ்சுகளில் பெட்டைகள் கொன்றவற்றைவிட உடும்பு தின்றவை அதிகம்.

அடுத்த முறை வாங்குவதற்கு முன் ஒன்று செய்யலாம். உங்கள் பெட்டைகளில் ஏதாவது ஒன்று அடைக்கு உட்கார்ந்தால் அதை விரட்டாதீர்கள். பொய்முட்டை வைத்து மூன்று வாரம் உட்கார விடுங்கள். பிறகு, பொரித்து ஒன்றிரண்டு நாளான குஞ்சுகளை வாங்கி வந்து, நன்றாக இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கு அடியில் தள்ளுங்கள், முட்டைகளை எடுத்துவிடுங்கள். காலையில் அது குஞ்சுகளை அழைக்கும் அந்தக் கொக்கரிப்பைக் கேட்டால் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். மூன்று நாளுக்கு மேற்பட்ட குஞ்சைப் பெரும்பாலும் பெட்டை ஏற்காது, குஞ்சும் பெட்டையைத் தாயாக ஏற்காது. ஆகவே இப்போதுள்ள பத்துக்கு இந்த வழி மூடிவிட்டது.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது வலை வாங்குவது மட்டும்தான். மூலையைத் தடுங்கள், நலமாக உள்ள எட்டை அதற்குள் விடுங்கள். காயம் பட்டதையும் அதன் துணையையும், புண் காய்ந்து பொருக்குக் கட்டியதும் இருட்டிய பிறகு கொண்டுபோய் மற்றக் குஞ்சுகளின் நடுவே வையுங்கள். பிடரியில் புது இறகு மூடும்வரை வாசல் ஓட்டைகளை வெட்ட வேண்டாம். பிறகு பத்தும் ஒரே நாளில் வெளியே வரட்டும்.